அப்பாவுக்கு ஓர் அண்ணன்

காலை நிகழ்ச்சியில் புத்தக அறிமுகத்துக்கு எனக்கு ஐந்து நிமிடம் தருவார்கள். சென்ற மாதம் பிரீத்தா சமரசனின் 'ஈவ்னிங் இஸ் த ஹோல் டே' நாவலைப் பற்றிப் பேசினேன். ஈப்போவில் வளர்ந்த தமிழ்ப் பெண் எழுதி 2008-இல் வந்த ஆங்கில நாவல். தலைப்புகூட நம் குறுந்தொகைப் பாட்டு ஒன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்ததுதான். ஈப்போவில் ஒரு பெரிய வீடு. வழக்கறிஞர் ராஜசேகரன், மனைவி, மூன்று பிள்ளைகள், பாட்டி, வேலைக்காரப் பெண் செல்லம். வழக்கறிஞருக்கு வெளியே ஒரு சீனப் பெண்ணோடு இன்னொரு குடும்பம். வீட்டுக்குள் யாரும் அதை வாய்விட்டுப் பேசுவதில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் அப்பா அழைத்தார். "அந்த இன்னொரு வீட்டுப் பிள்ளைங்களுக்கு என்ன ஆச்சு?"

நாவல் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை என்றேன். எனக்கும் அதில் சின்னக் குறைதான். அப்பா ஏன் கேட்டார் என்று எனக்குத் தெரியும்.

தாத்தா 1951-இல் ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வந்தவர். துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். இங்கே பாட்டியைக் கட்டினார். அப்பாதான் மூத்த பிள்ளை. 1996-இல் தாத்தா இறந்தபோது பத்து லஞ்சாங் மயானத்தில் கொள்ளி வைத்ததும் அவர்தான். சென்ற ஆண்டு நாகப்பட்டினத்திலிருந்து ஒரு பையன் ஃபேஸ்புக்கில் தேடி வந்து, தாத்தா அங்கே ஒரு மனைவியை, அதுவும் கர்ப்பிணியாக, விட்டுவிட்டுத்தான் கப்பலேறினார் என்று சொன்னான். 1953-இல் மலாயாவில் குடிநுழைவுச் சட்டம் கடுமையானது, அதனால் அழைத்துக்கொள்ள முடியவில்லை என்று சித்தப்பா வாதாடுவார். கடிதம் போடச் சட்டம் தடுத்ததா என்று அம்மா கேட்பார்.

அப்பா மூன்று மாதம் பிடிவாதமாக இருந்தார். சொத்துக்கு வருவார்கள் என்றார். எங்களிடம் இருப்பது அடுக்குமாடி வீடு ஒன்று, அதற்கும் கடன் முடியவில்லை. உண்மையில் அவருக்கு அதுவா பயம்? அறுபது வயதைத் தாண்டும்வரை மூத்தவனாகவே இருந்து, தங்கைகளைக் கரையேற்றிய மனிதர். இனி யாரையோ 'அண்ணே' என்று கூப்பிட வேண்டும்.

இந்த நாவலைப் பற்றிப் பேசிய அன்று இரவு அவராகவே வாட்ஸ்அப் வீடியோ போடச் சொன்னார். திரையில் தாத்தாவின் நெற்றியோடு, தாத்தாவின் காதோடு ஒருவர். நலம் விசாரிக்கக்கூட இல்லை.

"அப்பாவுக்குக் கொள்ளி நான்தான் வச்சேன்ண்ணே. உங்க உரிமை அது. தெரியாமப் போச்சு."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இருக்காரா இல்லையான்னு தெரியாததால ஆடி அமாவாசைக்குக்கூட நான் எள்ளும் தண்ணியும் விட்டதில்ல, தம்பி. அம்மாவும் கடைசிவரைக்கும் பொட்டு வச்சிருந்துச்சு. என்ன திதின்னு சொல்லு."

அப்பா இறப்புச் சான்றிதழைத் தேட அலமாரிப் பக்கம் போனார். கைப்பேசியைப் பிடித்தபடி நானும் பெரியப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.