பிள்ளையைக் கேட்டுப் போகும் தாயோடு கூடப் போனவர்கள்

திருகோணமலை லிங்கநகரிலிருந்து மூதூருக்கு இன்று பஸ்ஸேறினால் போதும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முன் அப்படியில்லை. ‘பாதை’ என்கிற மிதவைக்குக் காத்துக் கிடக்கவேண்டும், இல்லையென்றால் கொட்டியாரக் குடாவை லோஞ்சில் கடக்கவேண்டும். மூதூர் அப்படி ஒதுங்கிக் கிடந்த காலத்தில்தான் பல நாட்டவர் சேர்ந்த சிறு குழுவொன்று அங்கே வீடெடுத்துத் தங்கியது.

அந்தக் குழுவை அனுப்பிய ‘நன்வயலண்ட் பீஸ்போர்ஸ்’ என்ற அமைப்பின் முதல் களம் இலங்கை. வந்த ஆண்டு 2003. அதே ஆண்டு ஏப்ரலில் மூதூரில் தமிழர்–முஸ்லிம் மோதலில் உயிர்கள் பறிபோயிருந்தன.

அவர்களிடம் ஆயுதமில்லை, நிவாரணப் பொதியுமில்லை. வந்ததும் பொலிஸ், இராணுவம், புலிகள், பள்ளிவாசல், கோவில் என்று எல்லோரிடமும் போய்த் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்வார்கள். பிறகு யாராவது கூப்பிட்டால் கூடப் போவார்கள். பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளையைக் கேட்டு முகாம் வாசலுக்குப் போகும் தாயை எண்ணிப் பாருங்கள். பேசுவது அவள்தான். கூட வந்தவர் நாலடி தள்ளி, கண்ணில் படும்படி நிற்பார். இங்கே நடப்பது வெளியுலகுக்குத் தெரியவரும் என்பது வாசலில் நிற்பவருக்குப் புரியும். அவர்களின் பலம் அவ்வளவுதான். பக்கத்து ஊரில் ஆட்கள் திரள்கிறார்கள் என்று கதை பரவினால், நேரில் போய்ப் பார்த்து உண்மையைச் சொல்வதும் அவர்கள் வேலை. சண்டை மூளாமல் தடுப்பதில் இதைவிடப் பெரிய தொண்டு இல்லை என்பேன்.

ஆயுதமில்லாமல் துணை நிற்கும் இந்த எண்ணம் நமக்குப் புதிதல்ல. காந்தி நினைத்த சாந்தி சேனை என்ற அமைதிப்படையை 1957இல் வினோபா பாவே அமைத்தார். 1989 முதல் 1998 வரை ‘பீஸ் பிரிகேட்ஸ் இன்டர்நேஷனல்’ தொண்டர்கள் அச்சுறுத்தலுக்கு உள்ளான இலங்கைச் சட்டத்தரணிகளோடும் மற்றவர்களோடும் துணைக்கு நடந்தார்கள்.

ஆனால் 2006 ஓகஸ்ட் 4ஆம் திகதியை மறந்துவிட்டு இதை எழுத முடியாது. பட்டினிக்கு எதிராக உழைக்கும் பிரெஞ்சு நிறுவனமொன்றின் ஊழியர்கள் 17 பேர் மூதூரில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். எல்லோரும் இந்த நாட்டுப் பிள்ளைகள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு தருகிற காப்பு அவர்களுக்கு இருக்கவில்லை. உள்ளூர்க்காரரைக் காக்காத எந்த ஏற்பாடும் அரைகுறையானது.

மூதூரில் பழகிய முறை பிறகு பிலிப்பைன்ஸின் மிண்டனாவோவுக்கும் தென் சூடானுக்கும் போனது. தென் சூடானில் இப்போது அந்தந்த ஊர்ப் பெண்களே பாதுகாப்புக் குழுக்களாகச் சேர்ந்திருக்கிறார்கள். விறகு பொறுக்கப் போகிற பெண்ணோடு பக்கத்து வீட்டுப் பெண்கள் துணைக்குப் போகிறார்கள்.