உங்க குடும்பத்துல அம்மா இருக்காங்களா? சட்டத்தைக் கேட்டுப் பாருங்க

அப்பா அம்மா நாசரேத்துல, நீங்க சென்னையில. சம்பளம் வந்த அன்னைக்கே ஊருக்கு ஒரு 15,000 ரூபாய் போகுது. கிறிஸ்துமஸ் வந்தா செந்தூர் எக்ஸ்பிரஸ் டிக்கெட்டுக்கு தட்கல்ல மல்லுக்கட்டு. இப்ப சொல்லுங்க, உங்களுது தனிக்குடும்பமா, கூட்டுக்குடும்பமா?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அடுப்பைத்தான் பார்க்கும். ஒரே சமையல்ல சாப்பிட்டா ஒரு குடித்தனம். அதன்படி நீங்க தனி, அவங்க தனி. ஆனா ஐ.பி. தேசாய்னு ஒரு சமூகவியலாளர், குஜராத்துல மஹுவா என்ற ஊரை ஆராய்ஞ்சு 1964-ல ஒரு புத்தகம் எழுதினார். கூரை வேறவேறயா இருந்தாலும், சொத்து, வருமானம், ஒருத்தருக்கொருத்தர் செய்யவேண்டிய கடமை இதெல்லாம் சேர்ந்திருந்தா அதுவும் கூட்டுத்தன்மைதான்னார். உங்க பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பாருங்க, தேசாய் சொல்றதுதான் பொருந்தும்.

சிக்கல் என்னன்னா, நீங்க கையெழுத்து போடுற ஒவ்வொரு பேப்பரும் ‘குடும்பம்’னா வேறவேற ஆட்களைச் சொல்லுது. பி.எஃப் திட்டத்துல உங்களை நம்பியிருக்கிற பெற்றோரும் குடும்பம். கம்பெனி கட்டுற பங்குல இருந்து போற பென்ஷன் திட்டத்துல (இ.பி.எஸ்) குடும்பம்னா கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், அவ்வளவுதான். அந்தக் குடும்பமும் இல்ல, நாமினியும் இல்லன்னாதான் பெற்றோர் பக்கம் பென்ஷன் திரும்பும். பக்கத்து சீட்டு நண்பர் ஹெச்.யு.எஃப் பேர்ல தனி பான் கார்டு வாங்கி வரி மிச்சம் பண்ணுவார். நாசரேத், முதலூர், மெஞ்ஞானபுரம் பக்கம் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் நாலு தலைமுறையா ஒரே வீட்ல இருந்தாலும் அந்த வசதி கிடையாது.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் வாரிசுரிமை.

உயில் எழுதாம ஒருத்தர் இறந்துட்டார், சொந்த சம்பாத்தியம் 30 லட்சம்னு வெச்சுக்குவோம். மனைவி, ரெண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா இருக்காங்க. அவர் கிறிஸ்தவர்னா 1925-ம் வருஷ இந்திய வாரிசுரிமைச் சட்டம். மனைவிக்கு மூணுல ஒரு பங்கு, 10 லட்சம். மீதி பிள்ளைகளுக்குச் சமமா 10, 10. அப்பா அம்மாவுக்கு ஒரு ரூபாய்கூட இல்ல. அவர் இந்துன்னா 1956-ம் வருஷச் சட்டம். மனைவி, அம்மா, ரெண்டு பிள்ளைகள், ஆளுக்கு ஏழரை லட்சம். அப்பாவுக்கு இல்ல.

பிள்ளைகள் இல்லாத நிலையில கிறிஸ்தவக் கணக்கு இன்னும் விசித்திரம். மனைவிக்குப் பாதி, மிச்சப் பாதி அப்பாவுக்கு, அம்மாவுக்கு பூஜ்யம். கல்யாணமே ஆகலன்னா மொத்தமும் அப்பாவுக்கு. அப்பா இல்லாதப்போதான் அம்மா வரிசைக்குள்ள வர்றாங்க, அதுவும் உங்க அண்ணன், தங்கச்சியோட சரிசமமா. இந்துவா இருந்தா நேர் தலைகீழ்: அந்தப் பாதி அம்மாவுக்கு, அப்பாவுக்கு பூஜ்யம். கிறிஸ்தவ அம்மாவுக்கும் அப்பாவோட சமமா பங்கு தரணும்னு சட்ட ஆணையம் 2014-ல தன்னோட 247-வது அறிக்கையில பரிந்துரை செஞ்சது. அது சட்டமாகிற வரைக்கும் மேல சொன்ன கணக்குதான்.

நாசரேத்துல இருந்து கொஞ்ச தூரத்துல காயல்பட்டினம். அங்கே முஸ்லிம் குடும்பங்கள்ல மாப்பிள்ளை பெண் வீட்டோட வந்து இருக்கிறது பழைய வழக்கம். முஸ்லிம் சட்டத்துல பிள்ளைகள் இருந்தாலும் அப்பாவுக்கு ஆறுல ஒண்ணு, அம்மாவுக்கு ஆறுல ஒண்ணு. ஒரே மாவட்டம், மூணு விதமான குடும்பம். குடும்பத்தோட வேலை என்னன்னு சமூகவியல் பாடத்துல கேட்டா, அமெரிக்க மானுடவியலாளர் முர்டாக் 1949-ல சொன்ன நாலு வேலைகள்ல ஒண்ணு பொருளாதாரம்னு எழுதுவோம். அந்த வேலை யாருக்காக நடக்கணும்னு முடிவு பண்றது நம்மூர்ல இந்தச் சட்டங்கள்தான்.

“நான்தான் அம்மாவை நாமினியா போட்டிருக்கேனே”ன்னு கேக்குறீங்க, சரிதான். நாமினின்னா பணத்தை வாங்கிக்கிற ஆள், சொந்தக்காரர் இல்ல. ஷேர் விஷயத்துல உச்ச நீதிமன்றம் 2023-ல இதையே மறுபடி தெளிவா சொல்லிடுச்சு. ஆயுள் காப்பீட்டுல மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியா இருந்தா பணம் அவங்களுக்கே சேரும்னு சட்டம் சொல்லுது. அதையும் எல்லா நீதிமன்றமும் ஒரே மாதிரி படிக்கல. அதனால டேர்ம் பாலிசி போட்டா, அம்மா அப்பாவுக்குத் தனியா ஒரு பாலிசி, வீட்டுக்காரம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் தனியா ஒண்ணுன்னு பிரிச்சிடறது என்னோட யோசனை. ஒரே பாலிசியில ரெண்டு பக்கத்தையும் போட்டு மாமியார் மருமகளை கிளெய்ம் கவுன்ட்டர்ல நிறுத்தாதீங்க.

மத்ததுக்கெல்லாம் உயில்தான். 27 வயசுல உயிலான்னு சிரிப்பு வரும். டீமேட், பி.எஃப், எஃப்.டி எல்லாம் கூட்டிப் பாருங்க, சிரிப்பு நின்னுடும். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவு கட்டாயமில்ல. நீங்க கையெழுத்து போடுறதை ரெண்டு பேர் பார்த்துச் சாட்சிக் கையெழுத்து போடணும். கிறிஸ்தவர் உயில்ல, சாட்சி போட்டவருக்கோ அவரோட கணவன், மனைவிக்கோ எழுதி வெச்ச பங்கு செல்லாது. அதனால அம்மாவுக்கு எழுதுற உயில்ல அப்பாவைச் சாட்சியா போட்டுடாதீங்க.

இன்னொண்ணு, இது நிறைய பேருக்குத் தெரியாது. கிறிஸ்தவர் கல்யாணத்துக்கு முன்னாடி எழுதின உயில், கல்யாணத்தோட தானாவே ரத்தாகிடும். இந்துக்களுக்கு இந்த விதி இல்ல. கல்யாண லீவு முடிஞ்சு வந்த வாரமே பி.எஃப் நாமினேஷனைப் புதுசா போடுங்க, உயிலையும் புதுசா எழுதிடுங்க.