நினைவைத் தடுக்கும் வல்லமை

‘அதையே நினைச்சுக்கொண்டிராதேங்கோ’ என்பது துயருற்றவரிடம் நம்மவர் தவறாது கூறும் ஆறுதல். சிலரால் அது இயலுகிறது, சிலரால் இயலுவதில்லை. இயலாதவரை மனவுறுதியற்றவர் என்றும், இயன்றவரைக் கல்நெஞ்சர் என்றும் பேசிவிடுகிறோம். இவ்விரு தீர்ப்புகளும் ஆய்வுகளின் முன் நிலைப்பதாகத் தெரியவில்லை.

அமெரிக்க உளவியலாளர் டானியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட பரிசோதனை பலரும் அறிந்தது. ஐந்து நிமிடம் வெண்கரடியை நினையாதிருக்குமாறு மாணவர்கள் பணிக்கப்பட்டனர். நினைவு வந்தால் மணியடிக்க வேண்டும். மணி ஒலித்தபடியே இருந்தது. அடக்கிய எண்ணம் வீறுடன் மீளும் என்பது அதன்பின் ஏறக்குறைய வேதவாக்காயிற்று.

ஆனால் வெண்கரடியைத் தவிர்க்க முயல்பவர் அதையே குறியாக மனத்தில் வைத்திருக்க நேர்கிறது. வாழ்வில் நிகழ்வது வேறு. ஓர் ஓசையோ ஒரு மணமோ பழைய நினைவை இழுத்து வருகிறது. அதை வாசலிலேயே மறிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. மைக்கல் அண்டர்சனும் கொலின் கிறீனும் 2001இல் இதைச் சோதித்தனர். சொற்சோடிகளைக் கற்பித்தபின், ஒரு சொல்லைக் காட்டி, அதன் சோடி மனத்துள் எழாது தடுக்கச் செய்தனர். பலமுறை தடுக்கப்பட்ட சொற்கள் பின்னர் கூடுதலாக மறந்துபோயிருந்தன. மூளையின் நெற்றிப்புறம், நினைவைக் கையாளும் ஹிப்போகம்பஸின் இயக்கத்தைத் தணிப்பதும் பின்னர் தெரியவந்தது. ஹிப்போகம்பஸில் ‘காபா’ என்னும் இரசாயனம் செறிந்திருப்போரே இதில் வல்லவர் என 2017இல் கேம்பிரிஜ் ஆய்வொன்று காட்டியது. கட்டளையிடும் இடம் உறுதியாயிருந்தால் மட்டும் போதாது. அதை நிறைவேற்றும் இடமும் ஒத்துழைக்க வேண்டும்.

2015 நவம்பர் 13ஆம் திகதி இரவு பரிசில் 130 பேர் கொல்லப்பட்ட தாக்குதல்களில் உயிர்தப்பியோரைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். இரவு ஒன்றே, ஆனால் சிலர் இன்னமும் அதற்குள்ளேயே சிறைப்பட்டிருந்தனர், சிலர் அதிலிருந்து வெளியேறியிருந்தனர். தாக்குதலோடு தொடர்பற்ற சாதாரணப் பொருட்களின் படங்களையே நினைவிலிருந்து தடுக்கும்படி அவர்கள் கேட்கப்பட்டனர். நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயுற்றோரிடம் அந்தக் கட்டுப்பாடு குன்றியிருந்தது. மற்றையோரிடம் அது தாக்குதலையே சந்தியாதோருடையதைப் பெரிதும் ஒத்திருந்தது. 2020இல் வெளியான இம்முடிவு, பலவீனம் முன்பே இருந்ததா, அவ்விரவு விளைத்ததா என்ற வினாவைத் தீர்க்கவில்லை. எனினும் காலப்போக்கில் நோயிலிருந்து மீண்டோரிடம் கட்டுப்பாடும் சீரடைந்திருந்ததாக 2025இல் தொடராய்வு கூறிற்று. ஆகவே இது பிறவியோடு முடிந்துபோன காரியமன்று.

பயிற்சியும் பயன்தரலாம். 16 நாடுகளைச் சேர்ந்த 120 பேருக்கு மூன்று நாட்கள் இவ்வகைப் பயிற்சியளித்த ஆய்வொன்று 2023இல் வெளிவந்தது. தடுத்த எண்ணங்கள் வீறுடன் மீளவில்லை. மனவடு அறிகுறிகள் மிகுந்திருந்தோர் கூடுதலாகப் பயன்பெற்றனர். ஆயினும் அவர்கள் தடுக்கப் பழகியவை, இனி நேரக்கூடும் என்று அஞ்சியவையே. நடந்து முடிந்தவை அல்ல.