பந்தயக் காருக்கு எத்தனால் சரி... பவர் ஸ்பிரேயருக்கு?

அமெரிக்காவின் இண்டிகார் பந்தயங்களில் 2012 முதல் 2022 வரை ஓடிய கார்களுக்கு, 85 சதவிகிதம் எத்தனால் கலந்த ‘இ-85’தான் எரிபொருள். அந்த நாட்டில் எத்தனால் பெரும்பாலும் மக்காச்சோளத்தில் இருந்து எடுக்கப்படுகிறது. எத்தனாலுக்கு ஆக்டேன் எண் அதிகம். ஆவியாகும்போது உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும். அதனால் இன்ஜின் ‘நாக்கிங்’ இல்லாமல் கூடுதல் திறன் தரும்.

ஆனால், ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதாவது, அதே காற்றுக்கு எரிபொருள் அதிகம் பாய வேண்டும். பந்தயக் காரில் அதற்கேற்ற பம்பும் இன்ஜெக்டரும் உண்டு. கார்புரேட்டர் வைத்த பவர் ஸ்பிரேயரில் கிடையாது. அதில் இ-85 ஊற்றினால் கலவை மெலிந்து, இன்ஜின் சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளலாம்.

நம் பங்க் பெட்ரோலிலும் இப்போது 20 சதவிகிதம் வரை எத்தனால் உண்டு. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கேனில் மாதக்கணக்கில் கிடந்து ஈரம் ஏறினால், தண்ணீரும் எத்தனாலும் அடியில் பிரிந்து நின்றுவிடும்.

எனவே, இரண்டு வாரத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். இறுக மூடி நிழலில் வையுங்கள். சீசன் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பது தீரும்வரை மெதுவான வேகத்தில் ஓடவிட்டு நிறுத்துங்கள்.