எஸ்எஸ்டி சாகல, விண்டோஸுக்குக் கண்ணு தெரியல

இந்த எபிசோட்ல பயாஸுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற ஒரே ஒரு செட்டிங் பத்திப் பேசப்போறேன்: சாட்டா மோட். ஐடிஇ, ஏஹெச்சிஐ, ரெய்டுன்னு ஆப்ஷன் பார்த்திருப்பீங்க.

இது டிஸ்க்கோட செட்டிங்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்ல. மதர்போர்டுல இருக்கிற ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் ஆபரேட்டிங் சிஸ்டம்கிட்ட எந்த பாஷையில பேசணும்ங்கிறதுதான் இது. ஐடிஇ பழைய பாஷை. 2004ல வந்த ஏஹெச்சிஐ, ஒரு டிஸ்க்குக்கு 32 கமாண்டு வரைக்கும் வரிசையில வாங்கி வெச்சுக்கும்.

சிக்கல் எங்கன்னா, 2001ல வந்த எக்ஸ்பிக்கு ஏஹெச்சிஐ டிரைவரே கிடையாது. இன்ஸ்டால் ஆரம்பிக்கும்போதே எஃப்6 அமுக்கி, ஃப்ளாப்பியில இருந்து டிரைவர் ஊட்டணும். (ஃப்ளாப்பி! சேவ் ஐகான்ல மட்டும் பார்த்திருப்பீங்களே, அதேதான்.) விஸ்டாவுல இருந்து டிரைவர் கூடவே வந்துடுச்சு.

ஆனா விண்டோஸ் ஒரு சிக்கனக்காரன். இன்ஸ்டால் பண்ணும்போது எந்த கன்ட்ரோலர் இருந்துச்சோ, அதுக்கான டிரைவரை மட்டும்தான் பூட் நேரத்துல எழுப்பும். பின்னாடி நீங்க மோடை மாத்தினா, டிரைவர் டிஸ்க்குல தூங்கிட்டிருக்கும், அதை எழுப்பணும்னா டிஸ்க்கைப் படிக்கணும், டிஸ்க்கைப் படிக்க அந்த டிரைவர் வேணும். விளைவு, ‘இன்ஆக்ஸஸிபிள் பூட் டிவைஸ்’னு நீலத் திரை. இதைப் பார்த்துட்டு ஃபார்மேட் பண்ணிடாதீங்க, ப்ளீஸ். மோடைப் பழையபடி மாத்தினாலே பெரும்பாலும் பூட் ஆயிடும், ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கும்.

இப்போ இதே கதை வேற பேர்ல ஓடுது: இன்டெல் விஎம்டி. 11வது தலைமுறை சிப்ல இருந்து பல மெஷின்கள்ல இது ஆன் ஆகியே வருது. விண்டோஸ் 10ஐப் புதுசா போட்டா டிஸ்க்கே இல்லைங்கும். எஸ்எஸ்டி போச்சுன்னு யாராவது சொன்னா உடனே காசை எடுக்காதீங்க. இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை பென் டிரைவ்ல போட்டு ‘லோட் டிரைவர்’ கொடுத்துப் பாருங்க.

விண்டோஸ் ஏற்கெனவே இருக்கு, மோடை மாத்தியே ஆகணுமா? முதல்ல பிட்லாக்கர் ரெக்கவரி கீயை எடுத்து வைங்க. எம்எஸ்கான்ஃபிக்ல சேஃப் பூட் டிக் பண்ணி, ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸுக்குப் போய் மாத்துங்க. சேஃப் மோட்ல விண்டோஸ் தேவையான டிரைவரை எழுப்பிக்கும். உள்ள போனதும் டிக்கை எடுத்துடுங்க. அங்க பின் சில சமயம் வேலை செய்யாது, அக்கவுன்ட் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கட்டும். விண்டோஸ் 7க்கு இது ஒத்துவராது, முன்கூட்டியே ரெஜிஸ்ட்ரியில கை வைக்கணும். ரெண்டு டிஸ்க்கை நிஜமாவே ரெய்டுல சேர்த்து வெச்சிருக்கீங்கன்னா, இந்தப் பக்கமே வராதீங்க.