வீட்டுத் தொட்டியில் பவளம்: உப்பு, ஒளி, சட்டம்

பவளத்தைச் செடி என்றோ கல் என்றோ நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது விலங்கு. சில மில்லிமீட்டர் அளவுள்ள ஆயிரக்கணக்கான உயிரிகள் ஒட்டிப் பிறந்து, தங்களுக்குக் கீழே சுண்ணாம்புக் கூட்டைக் கட்டிக்கொண்டே போவதுதான் பவளத்திட்டு. அந்த உயிரிகளின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கையில் உண்டாக்கும் உணவே பவளத்தின் தேவையில் பெரும்பகுதியைத் தீர்க்கிறது. ஆகவே பவளத்துக்கு விலங்குக்கான சுத்தமான நீரும் வேண்டும், செடிக்கான வெளிச்சமும் வேண்டும். இரண்டும் நாள்தோறும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதுதான் இதை மீன் வளர்ப்பிலேயே கடினமான பிரிவாக்குகிறது.

சென்னையின் மேற்கே அயனம்பாக்கம் போன்ற புறநகரில், கடற்கரையிலிருந்து விலகிய ஓர் அடுக்குமாடி வீட்டில் இப்படியொரு தொட்டி வைக்க முடியுமா? முடியும். ஆனால் தொட்டி வாங்குவதற்கு முன்பே சட்டத்தைப் பார்க்க வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் தவறவிடும் இடம் இதுதான்.

திட்டுகளைக் கட்டும் கல் பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறி ஆகியவையும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணை. மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டுவரை சிறை. இந்தக் கடுமைக்கு நம் கடற்கரையிலேயே காரணம் இருக்கிறது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள மன்னார் வளைகுடாவில் முருகைக் கற்கள் எனப்படும் பவளப் பாறைகளை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் கட்டட வேலைக்கும் பல ஆண்டுகள் அனுப்பிவந்தார்கள். 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில் விளாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு இன்று நீருக்குள் மூழ்கிக் கிடக்கின்றன. அலையைத் தடுத்து நின்ற பவளம் போனதே அதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம்.

அட்டவணையில் கல் பவளங்களின் வரிசை முழுவதும் இருப்பதால், ‘இது இந்தோனேசியாவிலிருந்து வந்தது’ என்று விற்பவர் சொல்வது வாங்குபவரைக் காப்பாற்றாது. செத்துப்போன பவளத்தின் எலும்புக்கூட்டை ‘உயிர்ப்பாறை’ என்ற பெயரில் விற்பதற்கும் இது பொருந்தும். அதன் இடத்தில் சுட்ட பீங்கான் கட்டிகளையும் சிமெண்டில் வார்த்த பாறைகளையும் வைக்கலாம். பாக்டீரியா குடியேற நுண்துளைகள் இருந்தால் போதும். அது எந்தக் கல் என்று பாக்டீரியா கேட்பதில்லை.

அப்படியானால் வளர்க்க என்ன மிஞ்சும்? காளான் பவளம், பொத்தான் பவளம், தோல் பவளம் போன்ற மென்மையான இனங்கள் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லப்படாதவை. இருந்தாலும் வாங்குமுன் நடப்பிலுள்ள அட்டவணையை வனத்துறையிடம் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது. கல் பவள வகையான மான்கொம்புப் பவளம் இல்லாத தொட்டி ஒரு தொட்டியா என்று கேட்பவர்கள், நீல ஒளியில் மினுங்கும் பொத்தான் பவளக் கூட்டத்தை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் இதிலும் எச்சரிக்கை தேவை. பொத்தான் பவளங்களில் சில இனங்களிடம் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறை, கண்ணாடி இல்லாமல் அவற்றை வெட்டக் கூடாது. அவை ஒட்டியிருந்த கல்லை வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைக்கவே கூடாது. ஆவியை மூச்சில் இழுத்தவர்கள் மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன.

அடுத்தது தண்ணீர். மெரினாவில் குடத்தில் மொண்டு வரும் யோசனை எல்லோருக்கும் வரும். கூவமும் அடையாறும் கலக்கும் கரையோர நீர் அதற்கு உதவாது. மழைக்காலத்தில் அதன் உப்பளவும் தாறுமாறாக மாறும். கடைகளில் கிடைக்கும் கடலுப்புக் கலவையைத் தூய நீரில் கரைப்பதே வழி. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் என்ற கணக்கில், 200 லிட்டர் தொட்டிக்கு 7 கிலோ உப்பு ஆகும். அந்தத் தூய நீர் எது என்பதில்தான் சிக்கல். புறநகர் வீடுகள் பல போர் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் நம்பியிருக்கின்றன. வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறதே என்றால், குடிக்கச் சுவையாக இருக்கட்டும் என்று அவற்றில் பல, வடிகட்டிய நீரில் கொஞ்சம் மூலநீரைத் திரும்பக் கலந்துவிடுகின்றன. பவளத் தொட்டிக்கு ஆர்.ஓ.வுக்குப் பின்னால் அயனி நீக்கும் ரெசின் குழாய் ஒன்றும் சேர்த்து, டி.டி.எஸ். மீட்டர் பூச்சியம் காட்டும் நீரே தேவை. தொட்டியில் நீர் ஆவியாகிக் குறைந்தால் உப்புநீரை ஊற்றக் கூடாது. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு அங்கேயே தங்கிவிடும். எனவே நிரப்புவதும் தூய நன்னீராக இருக்க வேண்டும்.

நீர் நிரம்பியவுடன் மீன் விடுவது பழைய தவறு. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொருவகை நைட்ரேட்டாகவும் மாற்ற வேண்டும். அந்தக் கூட்டம் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாகும் வரை தொட்டி மீனில்லாமல் ஓட வேண்டும்.

கல் பவளம் வளர்க்கும் நாடுகளில் கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், மெக்னீசியம் 1,250 முதல் 1,350 மில்லிகிராம் என்று தினமும் அளந்து ஈடுகட்டுவார்கள். அவற்றில் கால்சியத்தை ஈடுகட்டச் சுண்ணாம்புத் தெளிநீரை இரவில் சொட்டுச் சொட்டாக விடுவது பழைய முறை. வெற்றிலைக்குத் தடவுவதும் அதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான் என்றாலும், தூய்மை தெரியாத கடைச் சுண்ணாம்பைத் தொட்டியில் கலப்பது வினை. மென்பவளங்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினாலே பெரும்பாலும் ஈடாகிவிடும்.

சென்னையில் பவளத் தொட்டியைக் கொல்வது பெரும்பாலும் வெயில். தொட்டி நீர் 25 முதல் 27 டிகிரி செல்சியசுக்குள் நிற்க வேண்டும். கத்திரி வெயிலில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது, மூடிய வீட்டுக்குள் பம்பும் விளக்கும் வேறு சூடேற்றும். சூடு கூடினால் பவளம் தன் பாசிகளை வெளியே தள்ளி வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவிலேயே 1998, 2010, 2016 கோடைகளில் இது பெரிய அளவில் நடந்தது. நீர்ப்பரப்பின் மேல் சின்ன ஃபேன் வைத்தால் ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் காற்று புழுங்கும் நாளில் அதுவும் பலிக்காது. நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கியே ஆக வேண்டும். அது நீரின் சூட்டை அறைக்குள் கக்கும் என்பதால், பால்கனியிலோ சர்வீஸ் ஏரியாவிலோ பொருத்துவது புத்திசாலித்தனம்.

சில்லரை இன்வெர்ட்டரில் ஓட்டுவது கடினம். மின்வெட்டின்போது முதலில் காக்க வேண்டியது நீரோட்டத்தையும் ஆக்சிஜனையும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு சில நூறு ரூபாய்தான். தொட்டிக்கு முன்பே வாங்கி வைக்க வேண்டிய பொருள் அது.

விளக்கைப் பற்றி நீட்டத் தேவையில்லை. நீலம் மிகுந்த எல்.இ.டி. விளக்கு, நாளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம், முதல் வாரங்களில் மங்கலாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். நுரைவழியே அழுக்கைப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரும், நீரைத் திசைமாற்றி அலைக்கும் சிறு பம்பும் உடன் வேண்டும்.

மீன்களில் கோமாளி மீனுக்கு முதலிடம். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம், விழிஞ்ஞம் மையங்களும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் இதைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை நம் நாட்டில் நிலைநாட்டின. பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சு தொட்டிக்கும் குருணைத் தீவனத்துக்கும் பழகியது. கடலில் பிடித்ததைவிடத் தாக்குப்பிடிக்கும். எல்லாம் ஆணாகப் பிறந்து, கூட்டத்தில் பெரியது மட்டும் பெண்ணாக மாறும் என்பதால், இரண்டு குஞ்சுகளை ஒன்றாக விட்டால் காலப்போக்கில் அவை ஜோடியாகிவிடும். கடலில் கோமாளி மீன் அடைக்கலம் தேடும் கடல் சாமந்தி இல்லாமலும் அது தொட்டியில் நலமாக வாழும். புதிய தொட்டியில் சாமந்தியை விட்டால் அது இடம்பெயர்ந்து பம்பில் சிக்கி, செத்து, நீரையும் கெடுக்கும்.

பச்சைக் குரோமிஸ், சிறு கோபி, துப்புரவு இறால் ஆகியவை பவளத்தோடு ஒத்துப்போகும். கோபிகளில் சில துள்ளிக் குதிப்பவை, வலைமூடி அவசியம். வண்ணத்துப்பூச்சி மீனும் கிளாத்தியும் பவளத்தையும் இறாலையும் கொத்தித் தின்னும். ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தில் வந்த நீலச் சர்ஜன் மீனைக் கேட்டு வருபவர்கள் அதிகம். அது ஓரடி வளரக்கூடியது, 200 லிட்டரில் அடைப்பது கொடுமை. அமெரிக்காவின் புளோரிடாவில் அதைத் தொட்டியில் பிறக்க வைத்ததே 2016-இல்தான். கடைக்கு வருவது பெரும்பாலும் கடலில் பிடித்தது. 200 லிட்டருக்கு நான்கைந்து சிறு மீன்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வண்ண மீன்களுக்குப் பேர்போன கொளத்தூர் அயனம்பாக்கத்துக்குப் பக்கம்தான். அங்கே நன்னீர் மீன்களின் கைதான் ஓங்கியிருக்கும். கடல் மீன் வாங்குபவர் அது பொரிப்பகத்து மீனா என்று கேட்டு, கடையிலேயே தீவனம் போடச் சொல்லி, தின்கிறதா என்று பார்க்க வேண்டும். வந்த மீனை நான்கு வாரம் தனித்தொட்டியில் வைக்க வேண்டும். வெண்புள்ளி நோய்க்குத் தரும் செம்பு மருந்து பவளத்துக்கும் இறாலுக்கும் நஞ்சு. ஆகையால் வைத்தியம் அந்தத் தனித்தொட்டியோடு முடிய வேண்டும்.

மாற்றியெடுத்த உப்புநீரைத் தோட்டத்திலோ மாடிச் செடிகளிலோ ஊற்றக் கூடாது. மழைநீர் சேகரிப்புக் குழியிலும் கூடாது. அது நேராக நிலத்தடி நீரில் சேரும். அக்கம்பக்கத்து வீடுகள் போர் போட்டு எடுப்பதும் அந்த நீரைத்தான். பாதாளச் சாக்கடை இணைப்புள்ள கழிவறையில் ஊற்றிவிடுங்கள்.