வீட்டை இடித்துக் கட்டலாம்... தெருவை?

மனை வாங்கப் போகும் முன் பெரம்பூரை ஒரு சுற்று சுற்றி வாருங்கள்!

பெரம்பூரில் வழி கேட்டால் இரண்டு விதமாகப் பதில் வரும். பழைய சந்துகளில் கேட்டால், "நேரா போய் டீக்கடைகிட்ட லெஃப்ட் எடு, மாவு மில்லு தாண்டினா அம்மன் கோயில் வரும், அங்க யாரையாவது கேளுப்பா" என்பார்கள். ஜவஹர் நகரில் கேட்டால், "அந்த மெயின் ரோடும் ஃபர்ஸ்ட் சர்குலர் ரோடும் சேர்ற கார்னர்" என்று ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். பக்கத்திலிருக்கும் ஜி.கே.எம். காலனியில் இன்னும் சுலபம். இத்தனையாவது தெரு என்று எண் சொன்னால் போதும், சாப்பாடு கொண்டுவரும் டெலிவரி தம்பி போன் போடாமலேயே வந்து நிற்பார்.

ஒரு பக்கம், வீடுகள் வந்தபிறகு மிஞ்சிய இடம் தெருவானது. இன்னொரு பக்கம், தெருவைப் போட்டுவிட்டு வீடுகளைக் கூப்பிட்டார்கள். 'சர்குலர் ரோடு' என்ற பெயரைக் கேட்டாலே, மனை விற்கும் முன்பு யாரோ ஒருவர் காகிதத்தில் காம்பஸ் வைத்து வளைவு இழுத்திருக்கிறார் என்பது புரியும்.

இப்போது இந்தக் கதை எதற்கு? பெரம்பூரிலும் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அங்கேயே அரை கிரவுண்டு வாங்குவதென்பது எட்டாக்கனி ஆகிவிட்டது. அதனால் செங்குன்றம், மீஞ்சூர், பொன்னேரி என்று வடக்கே நகர்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வேன் ஏறிப் போய் சைட் பார்க்கிறார்கள். சதுர அடி என்ன ரேட்? போர் போட்டால் நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா? கிழக்கு பார்த்த மனை இருக்கா? பேங்க் லோன் கிடைக்குமா? இத்தனையும் கேட்கிறார்கள். தெருவைப் பற்றி மட்டும் ஒரே ஒரு கேள்வி: "எத்தனை அடி ரோடு?" பேனரிலேயே '30 அடி, 23 அடி சாலைகள்' என்று போட்டிருப்பதால் அந்தக் கேள்வியும் பாதியில் நின்றுவிடுகிறது.

அதென்ன கணக்கில்லாமல் 23 அடி? விதிகள் மீட்டரில் பேசுகின்றன, நாம் அடியில் பேசுகிறோம். ஏழு மீட்டரை ஒட்டியது 23 அடி. ஒன்பது மீட்டர் என்றால் 30 அடி. பன்னிரண்டு மீட்டர் 40 அடி. தமிழ்நாட்டில் இப்போது நடைமுறையில் இருப்பது 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். மனைப்பிரிவுத் தெருக்களுக்கு அதன் அடிப்படை எளிமையானது. தெரு நீளமாக நீளமாக, அதில் மனைகள் கூடக் கூட, அகலமும் கூட வேண்டும். நாலு வீட்டுக்கான பாதையும் நாற்பது வீட்டுக்கான தெருவும் ஒன்றாக இருக்க முடியாது.

மனை போடுகிறவர் ஏன் தெருவில் கை வைக்கிறார் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. பத்து ஏக்கர் நிலம், அதாவது 4,35,600 சதுர அடி. தெருவின் இருபுறமும் 30-க்கு 40 அளவில் அரை கிரவுண்டு மனைகள். பூங்கா, குறுக்குத் தெரு எல்லாவற்றையும் இப்போதைக்கு மறந்துவிடுவோம். 30 அடித் தெரு விட்டால் நிலத்தில் நூற்றுக்கு 27 பங்கு தெருவுக்கே போய்விடும். அதையே 20 அடியாக இறுக்கினால் 20 பங்குதான் போகும். மிச்சமாவது 31,680 சதுர அடி. ஏறக்குறைய 26 மனைகள்! 26 மனையின் விலையை நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். விதி என்று ஒன்று இல்லாவிட்டால் எந்த வியாபாரியின் கையும் சும்மா இருக்காது.

அந்தப் பத்து அடியை இழப்பது யார்? 20 அடித் தெருவில் இரண்டு பக்கமும் கார் நிற்கிறது என்று வையுங்கள். ஒரு காருக்கு ஆறடி வீதம் 12 அடி போனது. மிச்சம் எட்டடி. தீயணைப்பு வண்டியின் அகலமே எட்டடியைத் தாண்டும். பக்கத்துக் கண்ணாடி தனி. அதற்கப்புறம் 101-க்கு எவ்வளவு சீக்கிரம் போன் செய்தாலும், வண்டி தெருமுனையில்தான் நிற்கும். குப்பை வண்டி, கழிவுநீர் லாரி, கோடையில் மெட்ரோ வாட்டர் லாரி எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

'அப்படியானால் எல்லாத் தெருவையும் 40 அடியாகப் போட்டுவிடலாமே?' என்று கேட்கலாம். அதுவும் சரியில்லை. வீடுகளுக்கு நடுவே நேராக ஓடும் அகலமான தெரு பைக் ரேஸுக்குத்தான் வசதி. வட சென்னையில் தெரு என்பது வெறும் போக்குவரத்துப் பாதை இல்லையே! வாசலில் கேரம் போர்டு, ஆடியில் கூழ், வியாசர்பாடிப் பக்கம் போனால் கால்பந்து. இதெல்லாம் நடக்க வேண்டுமானால் உள்தெரு அடக்கமாகவும், அது போய்ச் சேரும் தெரு அதைவிடப் பெரிதாகவும், வெளிச்சாலை இன்னும் பெரிதாகவும் இருக்க வேண்டும். சித்தெறும்பு, கட்டெறும்பு மாதிரி தெருவிலும் சைஸ் உண்டு.

இந்த யோசனை சென்னைக்கு வந்த கதை சினிமா மாதிரி இருக்கும். 1914 செப்டம்பர் 22 இரவு, சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகள்மீது குண்டு போட்ட எம்டன் கப்பலை எல்லோருக்கும் தெரியும். அடுத்த மாதமே அந்த எம்டன் அரபிக்கடலில் 'கிளான் கிராண்ட்' என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ் சென்னைக்குக் கொண்டுவரவிருந்த நகரமைப்புக் கண்காட்சியின் வரைபடங்கள் முழுக்க அதில்தான் இருந்தன. அத்தனையும் கடலுக்கடியில். நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்பியதை வைத்து 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சியை நடத்திக் காட்டினார் கெடிஸ். தஞ்சாவூர், மதுரை உட்பட இந்த மாகாணத்தின் பல ஊர்களைச் சுற்றி அறிக்கைகளும் எழுதினார். பழைய சந்துகளை இடித்துத் தள்ளி நேர்க்கோடாக ரோடு போடுவதை அவர் கடுமையாக எதிர்த்தார். எங்கே அடைப்போ அங்கே மட்டும் திறந்துவிடுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள் என்பது அவர் கட்சி. அந்த அலையில் 1920-ல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது.

ஆனால் நம் கதைக்கு நெருக்கமான பாடம் அதற்கு அரை நூற்றாண்டு கழித்து, பெரம்பூருக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. 1977-ல் உலக வங்கிக் கடனில் சென்னை நகர வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் மூன்று இடங்களிலும் அரசு வீடு கட்டித் தரவில்லை. தெரு, குடிநீர், கழிவுநீர், மின்சாரம் போட்டு, மனையைப் பிரித்துத் தவணையில் கொடுத்தது. ஏழைகளுக்கான மனை ஏறக்குறைய ஒரு சென்ட்தான். வீட்டை அவரவர் கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். பெரிய மனைகளையும் கடை மனைகளையும் சந்தை விலைக்கு விற்று, சின்ன மனைகளின் விலையைக் குறைத்தார்கள். பெரிய மனைகள் பெரிய சாலை ஓரத்தில், சின்ன மனைகள் சின்னத் தெருக்களில். வசதியுள்ளவரும் கூலி வேலைக்குப் போகிறவரும் ஒரே பகுதியில்.

முதல் சில ஆண்டுகளில் மனைகள் காலியாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, 'இது தேறாது' என்று பலரும் கைகழுவினார்கள். சென்னையிலும் மும்பையிலும் இப்படிப் போட்ட பகுதிகளை இருபது ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தார்கள். 2016-ல் உலக வங்கி வெளியிட்ட அந்த ஆய்வு, தோல்வி என்று ஒதுக்கியவை உண்மையில் நல்ல குடியிருப்புகளாக வளர்ந்திருக்கின்றன என்று சொன்னது. ஒரு மாடி இரண்டானது, இரண்டு மூன்றானது, கீழே கடை வந்தது, மாடியில் வாடகைக்கு ஆள் வந்தார்கள். வீடுகள் இத்தனை முறை மாறியும் முதல் நாள் போட்ட தெரு அப்படியே தாங்கி நின்றது. தெரு ஒழுங்காக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. கொடுங்கையூர்க்காரர்களுக்குப் பக்கத்திலேயே குப்பைக் கிடங்கும் சேர்ந்தே கிடைத்தது!

தெருவின் அகலத்தைவிட ஒருபடி மேலாக நான் பார்க்கச் சொல்வது, அது எங்கே போய் முடிகிறது என்பதை. இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு, சொல்லத்தான் கொஞ்சம் சங்கடம். தெருவில் ஒரு வீட்டில் துக்கம் என்றால் என்ன செய்கிறோம்? வாசலில் ஷாமியானா போட்டு, ஐஸ் பெட்டி வைத்து, நாற்காலி போடுகிறோம். தெரு அடைபட்டுவிடும். குறுக்குத் தெருக்கள் உள்ள இடத்தில் வண்டிகள் அடுத்த தெரு வழியே சுற்றிப் போய்விடும், யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. ஒரே வழி உள்ள மனைப்பிரிவிலோ, உள்ளே இருக்கும் முப்பது வீடும் அன்று முழுக்க முடங்கும். அந்த நேரம் பார்த்து உள்ளே ஒருவருக்குப் பிரசவ வலி என்றால்?

புது மனைப்பிரிவுகளில் இந்த நோய் அதிகம். ஒவ்வொருவரும் தன் நிலத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்பி, வாசலில் வளைவு வைத்து, தனித்தீவாகப் போட்டுவிடுகிறார்கள். பக்கத்து நகரின் தெரு சுவருக்கு அந்தப்பக்கம் பத்தடியில் இருக்கும். போக வேண்டுமானால் ஒரு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். 'கேட்டட் கம்யூனிட்டி' என்று அதற்கே கூடுதல் விலையும் வைக்கிறார்கள்.

தெருக்குத்து பற்றியும் ஒரு வார்த்தை. தெரு நேராக வந்து முட்டும் மனையை நம்மவர்கள் தொடமாட்டார்கள். வாங்கினாலும் ஒரு பிள்ளையாரை உட்கார வைத்துவிடுவார்கள். ஆனால் நகரமைப்பாளர்கள் வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றே இப்படித் தெருவை முட்ட விடுவதுண்டு. நேரே சுவர் தெரிந்தால் யாரும் ஆக்சிலேட்டரை முறுக்குவதில்லை. ஆக, நம் ஊர் பிள்ளையார் இத்தனை காலமும் ஸ்பீடு பிரேக்கர் வேலையும் பார்த்திருக்கிறார். தெருமுனை மனைகளின் மூலையைச் சாய்வாக வெட்டிவிடச் சொல்கிறது நம் விதி. திரும்பும்போது எதிரே வருவது தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். 1859-ல் பார்சிலோனா நகர விரிவாக்கத்தை வரைந்த இல்டிஃபோன்ஸ் செர்தா, எல்லா மூலைகளையும் இப்படித்தான் வெட்டினார். இங்கே, வெட்டிய மூலையில் முதல் வேலையாகப் பெட்டிக்கடை வந்துவிடுகிறது!

இனி காகிதங்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டது நினைவிருக்கும். 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. கட்டணம் கட்டி வரன்முறை செய்தால் பத்திரம் பதிவாகும். லோன் கிடைக்கும். ஆனால் 15 அடிச் சந்து அதனால் 16 அடி ஆகிவிடாது. நாளைக்கு எத்தனை மாடி, எத்தனை வீடு கட்டலாம் என்பதும் வாசலில் இருக்கும் தெருவின் அகலத்தைப் பொறுத்ததுதான். பிள்ளைகளுக்கு மேலே ஒரு மாடி போட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்திருப்பவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் தெருக்களைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவென்றால், தெருக்கள் போக மீதியில் பத்தில் ஒரு பங்கையும் பூங்காவுக்காக அப்படியே கொடுத்திருக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். என்று சொல்வது இதைத்தான். 3,000 சதுர மீட்டருக்குள், அதாவது முக்கால் ஏக்கருக்குள், அந்தக் கட்டாயம் இல்லை. எனவே ஒட்டி ஒட்டி மூன்று நான்கு சின்ன 'நகர்'கள் வெவ்வேறு பெயரில் முளைத்திருந்தால், பூங்கா எங்கே என்று கேட்டுப் பாருங்கள். 500 சதுர மீட்டரைத் தாண்டினால் ரெரா பதிவு எண்ணும் வேண்டும். கலர் பிரசுரத்தில் உள்ள படத்தை நம்பாமல், சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. முத்திரை வைத்த வரைபடத்தின் நகலைக் கேளுங்கள். சி.எம்.டி.ஏ. என்றால் பி.பி.டி./எல்.ஓ. என்று தொடங்கும் எண் அதில் இருக்கும்.

அந்த நகலோடு ஒரு அளவு டேப்பையும் எடுத்துக்கொண்டு, மழை பெய்த மறுநாள் சைட்டுக்குப் போங்கள். புதுத் தெரு பழைய சாலையைவிடப் பள்ளமாக இருந்தால் தண்ணீர் எந்தப்பக்கம் ஓடும் என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். தார்மேல் தார் போட்டுப் போட்டுச் சென்னையில் எத்தனை வீடுகளின் வாசல்படி பூமிக்குள் போயிருக்கிறது! பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்த வேண்டியிருந்தது.

ஏற்கெனவே சில வீடுகள் வந்துவிட்ட மனைப்பிரிவென்றால் இரவு ஒன்பது மணிக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். எல்லோரும் வேலை முடிந்து வந்து வண்டியை நிறுத்தியிருக்கும் நேரம் அதுதான். டேப்பைப் பிடிக்கும்போது தார் ஓரத்திலிருந்து தார் ஓரம் அளக்காதீர்கள். இந்தப்பக்க மனையின் எல்லைக் கல்லில் தொடங்கி எதிர்ப்பக்கக் கல்லில் முடியுங்கள். வரைபடத்தில் ஒன்பது மீட்டர் என்று போட்டு, டேப்பில் ஏழரை மீட்டர்தான் வருகிறதா? அந்த ஒன்றரை மீட்டர் யார் வீட்டுப் படிக்கட்டுக்கும் கார் ஏறும் சாய்தளத்துக்கும் அடியில் இருக்கிறது என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.